டேபிள் டென்னிஸ் கை விளையாட்டு இல்லைங்க

இந்தக் கோடை விடுமுறையில் தோள்பட்டை வலி என்று என்னிடம் வந்த நாலாவது டேபிள் டென்னிஸ் பிள்ளை அவன். வயது 13. சேலம் அஸ்தம்பட்டியில் பிசியோதெரபி பார்க்கிறேன். "கை வீச்சுல ஏதோ கோளாறு சார், கையை மட்டும் சரி பண்ணிக் குடுங்க" என்றார் அப்பா. பேட் மாற்றியாயிற்று, பேட்டில் ஒட்டும் ரப்பர் மாற்றியாயிற்று, பிடியும் மாற்றியாயிற்று. காலைப் பற்றி யாரும் பேசவில்லை.

தரையில் 152.5 செ.மீ. நீளத்துக்கு டேப் ஒட்டினேன். மேசையின் அகலம் அவ்வளவுதான். பையனை பேட்டோடு நிற்க வைத்து, கசக்கிய காகித உருண்டைகளை வீசினேன். உடம்புக்குப் பக்கத்தில் வந்ததை அழகாக அடித்தான். ஓரமாக வீசியதும் வலது பாதம் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. இடுப்பு சாய்ந்தது, முழங்கை விறைத்து நீண்டது, இடது குதிகால் தரையை விட்டு எழும்பியது. தினமும் நூற்றுக்கணக்கான தடவை அப்படி வீசினால் தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

"மேசை அஞ்சடிதானே சார், கையை நீட்டினா எட்டாதா?" என்றார் அப்பா.

எட்டும். எட்டுவது வேறு, அடிப்பது வேறு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் டாப்ஸ்பின் அடிக்கு விசை காலில் தொடங்கி, இடுப்பு வழியாக ஏறி, கடைசியில்தான் முன்கைக்கு வருகிறது. கை ஏற்கெனவே முழுக்க நீண்டிருந்தால் முன்கை மடங்க இடம் ஏது? அந்தக் குறையைத் தோளை வெட்டி இழுத்துச் சமாளிக்கிறார்கள். சாய்ந்த உடம்பு நிமிர்வதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். மறுபடியும் கை நீளும். 2022 காமன்வெல்த் போட்டியில் நம்ம டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல் ஒற்றையர் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 40. அவர் ஆட்ட வீடியோவைப் போட்டு, கையை விட்டுவிட்டு, காலை மட்டும் பாருங்கள்.

சரி, கை அசையவே கூடாதா? அப்படியும் இல்லை. பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது கால். மிச்சமிருக்கும் ஒரு சாண் தூரம்தான் முன்கைக்கும் மணிக்கட்டுக்கும். மேசையை ஒட்டி நின்று, வேகமாக வரும் பந்தை வீச்சில்லாமல் தடுத்துத் திருப்பும்போது, அதாவது பிளாக் செய்யும்போது, காலெடுத்து வைக்க நேரம் இருக்காது; அங்கே பேட்டின் சாய்வை மாற்றுவதுதான் சரி. வலையோரம் விழும் குட்டைப் பந்துக்கோ, வலது கையில் ஆடுகிறவருக்கு வலது கால் மேசைக்கு அடியில் போன பிறகுதான் கை போகவேண்டும்.

வழவழப்பான டைல்ஸில் சாக்ஸோடு ஆட விடாதீர்கள். வழுக்கும் என்ற பயம் வந்தால் கால் தானாக நின்றுவிடும். ஏற்காடு விடுதி வராந்தாக்களில் ஆடுகிறவர்களுக்கும் இதுதான்: மூடுபனியில் தரையும் ரப்பரும் ஈரமாகிவிடும், துடைத்துவிட்டு ஆடுங்கள். குதி தடித்த ஓட்டப் பயிற்சி ஷூ வேண்டாம், பக்கவாட்டில் நகரும்போது கணுக்கால் பிசகும். தட்டையான ரப்பர் அடி உள்ள இன்டோர் ஷூ வாங்குங்கள். பேட் இல்லாமல், பந்து இல்லாமல், தினமும் பத்து நிமிடம் பக்கவாட்டு நகர்வு மட்டும் பழகட்டும். பாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. வலிக்கிற தோளில் ஸ்ப்ரே அடித்து டோர்னமென்டுக்கு அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

அந்த அப்பாவிடம் சொன்னதையே உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பேட் வாங்கும் முன் போனை முழங்கால் உயரத்தில் வைத்து, பிள்ளையின் பாதங்களை மட்டும் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். அதைக் கொண்டுபோய் கோச்சிடம் காட்டுங்கள்.