விமானத்தில் எது ‘கட்டுப்பாடு’?

‘பறப்புக் கட்டுப்பாட்டு மேற்பரப்புகள்’ என்று எழுதுகிறார்கள். பாடக் குறிப்பில் இருக்கிறது, விபத்துச் செய்தியில் இருக்கிறது, பொது அறிவுக் கேள்வித்தாள் வரைக்கும் வந்துவிட்டது. விமானத்தைத் திருப்பவும் சாய்க்கவும் இறக்கையிலும் வாலிலும் அசைகிற பாகங்களுக்கு ஆங்கிலத்தில் ஃப்ளைட் கன்ட்ரோல் சர்ஃபேஸ் என்று பெயர், அதற்கு இதுதான் தமிழாம். மூன்று சொல்லும் தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் சேர்த்துப் படிக்கிற மதுரைக்காரருக்கு முதலில் என்ன தோன்றும்? யாரோ பெரிய மனிதர் வருகிறார், விமான நிலையம் இருக்கிற அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள் போல என்றுதான் தோன்றும்.

தப்பு அவர் மேல் இல்லை. ஊர்க் கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு என்று இந்தச் சொல் புழங்குகிற இடத்திலெல்லாம் பொருள் ஒன்றுதான்: இதற்கு மேல் போகாதே. சொல்லின் அமைப்பே அப்படி. கட்டுப்படு என்ற வினையிலிருந்து வந்தது கட்டுப்பாடு. கட்டுண்டு கிடப்பவரின் நிலையை அது சொல்கிறது. ஓட்டுகிறவரின் கைவேலை அதில் எங்கே இருக்கிறது?

ஆங்கிலச் சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இடைக்கால லத்தீனில் ‘கான்ட்ராரோட்டுலஸ்’, எதிர்ச்சுருள். ஒருவர் எழுதிய கணக்கைச் சரிபார்க்க இன்னொருவர் தனியாக வைத்திருந்த மறு ஏடு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, சரிபார்த்தல், அடக்குதல், இயக்குதல் என்று பொருள் விரிந்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் நடுவில் இருக்கிற ‘அடக்குதல்’ ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் அதையே ஒட்டுகிறார்கள்.

விமானத்தில் நடப்பதோ வேறு. இறக்கையின் பின்விளிம்பில், நுனிப் பக்கமாகக் கீலில் ஆடுகிற பாகம் ஐலரான். அது கீழே இறங்கினால் அந்த இறக்கையின் வளைவு கூடி, தூக்குவிசை கூடி, இறக்கை மேலே போகும். மறுபக்கத்து ஐலரான் அதே நேரத்தில் மேலேறும், அந்த இறக்கை தாழும், விமானம் சாயும். வாலில் கிடையாக இருக்கிற எலிவேட்டரின் பின்விளிம்பு உயர்ந்தால் வால் அமுங்கி மூக்கு நிமிரும். வாலில் நிமிர்ந்து நிற்கிற ரடர் இடப்பக்கம் திரும்பினால் வால் வலப்பக்கம் தள்ளப்பட்டு மூக்கு இடப்பக்கம் வரும். இதில் எங்கேயும் எதையும் பிடித்து நிறுத்துவது இல்லை. காற்றில் புது விசையை உண்டாக்கித்தான் திருப்புகிறார்கள். தடுத்துத் திருப்புகிற வாகனம் வேண்டுமென்றால் சித்திரைத் தேரைப் பார்க்கலாம். மாசி வீதி முக்கில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகிறார்களே, அதைக் கட்டுப்பாடு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

விமானத்திலும் நிஜமான கட்டு உண்டு. வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சொல் இல்லாமல் போய்விட்டது. தரையில் நிற்கிற விமானத்தின் ஐலரானும் ரடரும் காற்றடித்து ஆடிக் கீல் தேயாமல் இருக்க ஒரு பூட்டுப் போடுவார்கள். கஸ்ட் லாக் என்பது அதுதான். அதைக் கழற்ற மறந்து கிளம்பினால் என்ன ஆகும் என்பதை 1935 அக்டோபர் 30 அன்று ஓஹையோவின் ரைட் ஃபீல்டில் பார்த்தார்கள். போயிங் 299 என்ற விமானம் பூட்டோடு எழும்பி, மூக்கை நிமிர்த்தி, தூக்குவிசை அற்று விழுந்தது, இருவர் இறந்தார்கள். விமானிகள் கையில் சரிபார்ப்புப் பட்டியல் வந்தது அதற்குப் பிறகுதான். 2014 மே 31 அன்று அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் விமானம் பூட்டைக் கழற்றாமலே கிளம்பி, எழும்ப முடியாமல் ஓடுபாதையைத் தாண்டி ஓடி 7 பேர் இறந்தார்கள். இப்போது இதைத் தமிழில் எழுதுங்கள் பார்ப்போம்: ‘கட்டுப்பாடுகள் பூட்டப்பட்டிருந்ததால் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது.’ கட்டு இருந்ததா, இல்லையா?

இன்னொன்றும் உண்டு. ஏர்பஸ் ஏ320 போன்ற கணினிவழி விமானங்களில், எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் நிலையில், விமானி கைப்பக்கத்தில் இருக்கிற பக்கக்கோலை முழுக்கச் சாய்த்தாலும் 67 பாகைக்கு மேல் கணினி விமானத்தைச் சாயவிடாது. இதற்குக் கட்டுப்பாடு என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அதைத்தான் ஐலரானுக்குத் தாரை வார்த்தாயிற்றே.

‘மேற்பரப்பு’ கூத்து இதைவிடப் பெரிது. சர்ஃபேஸ் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததும் மேற்பரப்பு என்று மனப்பாடம் ஆகிவிடுகிறது. ஐலரான் ஒரு முழுப் பாகம். அதற்கு மேல்பக்கமும் உண்டு, கீழ்பக்கமும் உண்டு. அடிப்பக்கம் துரு, விரிசல் இருக்கிறதா பார் என்று சொல்ல வேண்டுமானால், ‘கட்டுப்பாட்டு மேற்பரப்பின் கீழ் மேற்பரப்பை ஆய்வு செய்யவும்’ என்று எழுத வேண்டி வரும். எந்த மெக்கானிக்கும் படித்துவிட்டுச் சிரிப்பார்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘கட்டுறுத்தி’ என்கிறார்கள். அதிலும் அதே கட்டுதான். கூடவே உறுத்தலும் சேர்ந்துகொண்டது. இன்னும் சிலர், ‘கட்டுப்பாட்டை இழந்த லாரி’ என்று தினமும் பேப்பரில் வருகிறதே, ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவானேன் என்கிறார்கள். பேப்பரில்தான் ஊன்றியிருக்கிறது. மாட்டுத்தாவணியில் பஸ் ஓட்டுகிறவரைக் கேட்டால் ‘வண்டி கைய மீறிப் போச்சு’ என்பார். அவர் தமிழில் கை இருக்கிறது, கட்டு இல்லை.

நான் சொல்வது ‘செலுத்து’. கன்ட்ரோல் சிஸ்டத்துக்குச் செலுத்தமைப்பு, விமானி கையில் பிடிக்கிற ஸ்டிக்குக்குச் செலுத்துகோல், கன்ட்ரோல் சர்ஃபேஸுக்குச் செலுத்துமடல். காது மடல், தாழை மடல் போல ஓரத்தில் மெல்லியதாக இருக்கிற பாகம் மடல். தகடு என்றால் துணி போர்த்திய பழைய விமானத்துக்கும் கார்பன் இழையில் செய்த புது விமானத்துக்கும் ஒட்டாது. செலுத்துவது எஞ்சின் வேலையாயிற்றே என்று கேட்பார்கள். தேரைக் குதிரை இழுக்கிறது, சாரதி செலுத்துகிறார். அந்தப் பொருளில்தான் சொல்கிறேன். ரடருக்குச் சுக்கான் போதும். அரபியிலிருந்து வந்தது என்று முகம் சுளிக்க வேண்டாம், கடற்கரையில் எல்லோருக்கும் புரிகிற சொல். என்ன, கிணறு வெட்டுகிற நம் ஊர்ப் பக்கம் சுக்கான் என்றால் சுண்ணாம்புப் பாறை என்று நினைப்பார்கள், அவ்வளவுதான். ஐலரான் ஐலரானாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

சொல் தேறுமா என்பதைப் பராமரிப்புக் குறிப்பு ஒன்றை எழுதிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சிறிய விமானத்தில் செலுத்துகோலிலிருந்து மடல் வரை எஃகு வடம் போகிறது. 19 கம்பி முறுக்கிய புரி 7 சேர்ந்தது ஒரு வடம். கப்பிகளின் மேல் அது வளைகிற இடங்களில்தான் கம்பி முதலில் அறும். துணியை வடத்தின் மேல் ஓட்டினால் அறுந்த கம்பி துணியைப் பிடித்து இழுத்துக் காட்டிக்கொடுக்கும். வெறுங்கையால் தடவினால் கை கிழியும். வடத்தின் இழுவையை அளக்கும்போது வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். அலுமினியம் சாதாரண எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அதனால் சித்திரை வெயிலில் விமானத்தின் அலுமினிய உடல் நீண்டு வடம் விறைக்கும், குளிரில் தொய்யும். வெப்பநிலைக்கு ஏற்ற இழுவை எவ்வளவு என்று தயாரிப்பாளர் கொடுத்த அட்டவணையைப் பார்க்காமல் இறுக்கினால் கப்பியும் தாங்கியும் தேயும். முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளின் குழலுக்கு வெளியே இருபுறமும் 3 மரைக்கு மேல் தெரியக் கூடாது. இறுக்கி முடித்ததும் கம்பியோ கிளிப்போ போட்டுப் பூட்ட வேண்டும். பிறகு பாகைமானி வைத்து மடலின் வீச்சை அளக்க வேண்டும். செஸ்னா 172-இல் ஐலரான் மேலே 20 பாகை, கீழே 15. கீழிறங்கும் ஐலரான் காற்றில் கூடுதல் தடையை உண்டாக்கி மூக்கைத் திரும்ப வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும் என்பதால்தான் கீழ்வீச்சைக் குறைத்திருக்கிறார்கள்.

இதைப் போன்ற ஓர் ஆங்கிலக் குறிப்பைக் கணினி மொழிபெயர்ப்பிடம் கொடுத்தால் எலிவேட்டர் மின்தூக்கியாகும், வடத்தைச் சீரமைக்கும் ரிக்கிங் தேர்தல் முறைகேடாகும், விமானத்தைச் சமநிலையில் வைக்கும் ட்ரிம் முடிவெட்டுக் கடைக்குப் போய்விடும். அதையும் திருத்தாமல் அச்சுக்கு அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த வேலையின் கடைசிப் படியில்தான் அந்த லத்தீன் எதிர்ச்சுருள் திரும்ப வருகிறது. வடத்தைக் கழற்றி மாட்டியவர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. அந்த வேலையில் கை வைக்காத தகுதி பெற்ற இன்னொருவர் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மடல் அசைகிறதா என்று மட்டும் பார்த்தால் ஆகாது. 2018 நவம்பர் 11 அன்று போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஓர் எம்பிரேயர் 190 விமானத்தில் ஐலரான் வடங்கள் எதிர்மாறாக மாட்டப்பட்டிருந்தன. ஐலரான்கள் நன்றாகத்தான் அசைந்தன, திசைதான் தவறு. படாதபாடு பட்டு பேஜா விமானத்தளத்தில் இறக்கினார்கள். அதனால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து செலுத்துகோலை இடப்பக்கம் முழுக்கச் சாய்க்க வேண்டும். மற்றவர் வெளியே நின்று, தான் கண்ணால் பார்ப்பதை மட்டும் சொல்ல வேண்டும்: ‘இடது மேலே, வலது கீழே.’