மீள்குடியேற்றமா, மறுகுடியமர்வா?

‘1952-இல் முடிவுக்கு வந்த மீள்குடியேற்றத் திட்டத்தின் கடைசி அகதிகளை நியூயார்க் துறைமுகம் வரவேற்றது’ என்றொரு வரி, சென்ற மாதம் மெய்ப்புப் பார்க்க வந்த மொழிபெயர்ப்பில் இருந்தது. ‘மீள்குடியேற்றம்’ என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் ‘மறுகுடியமர்வு’ என்று எழுதினேன். பழைய சொல்லோடுதான் அச்சாகி வந்தது.

இரண்டும் மொழிபெயர்க்க முயல்வது ‘ரீசெட்டில்மென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை. அதன் வேர், இருக்கையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதற்கு ஒரு திட்டமான பொருள் அமைந்தது. 1947 முதல் 1952 வரை களத்தில் இயங்கிய பன்னாட்டு அகதிகள் அமைப்பு இரு வேறு பணிகளைச் செய்தது. ஒன்று, போரால் இடம்பெயர்ந்து ஐரோப்பிய முகாம்களில் இருந்தோரைத் தாயகத்துக்கே திருப்பி அனுப்புவது. அவ்வாறு போனவர்கள் 70,000-க்குச் சற்று அதிகம். மற்றொன்று, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, இஸ்ரேல் முதலிய புதிய நாடுகளில் குடியமர்த்துவது. அவ்வாறு போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். இந்த இரண்டாவது பணிக்குத்தான் ‘ரீசெட்டில்மென்ட்’ என்று பெயர்.

‘மீள்குடியேற்றம்’ என்றால் தமிழ்க் காதுக்கு முதலில் கேட்பது முன்னதுதான், அதாவது தாயகம் திரும்புவது. ‘மீள்பதிப்பில் மீள் என்பது மறுபடியும் என்றுதானே பொருள்படுகிறது?’ என்று கேட்பார்கள். நூலுக்கு அது பொருந்தும். ஆனால் மனிதர் மீண்டார் என்றால் போன இடத்திலிருந்து திரும்பினார் என்றே பொருள். 1948 அக்டோபர் 30 அன்று ‘ஜெனரல் பிளாக்’ கப்பலில் நியூயார்க் வந்திறங்கிய 813 அகதிகளும் அந்த நகருக்கு மீண்டவர்கள் அல்லர். அந்த முகாம்களில் இருந்த லாட்வியரும் எஸ்டோனியரும் உக்ரைனியரும் சோவியத் ஆட்சியின்கீழ்ப் போன தம் ஊருக்கு மீளமாட்டோம் என்று மன்றாடியதால்தான் அந்தத் திட்டமே தேவைப்பட்டது. அவர்கள் எதை மறுத்தார்களோ, அதையே அவர்களுக்குப் பெயராகச் சூட்டுவது கொடுமை. ஆங்கிலத்தில் ‘ரீ’ என்று கண்டவுடன் ‘மீள்’ என்று ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள் இதை ஒரு கணமாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘மறு’ என்பதற்கு ‘மீண்டும்’ என்ற பொருளோடு ‘வேறான’ என்ற பொருளும் உண்டு: மறுகரை, மறுநாள். மறுமணம் என்றால் யாரும் பழைய துணையிடம் திரும்புவதாகக் கொள்வதில்லை. ‘குடியேற்றம்’ என்ற சொல்லோ ஈழத்து வாசகருக்குத் தமிழர் பகுதிகளில் சிங்களரை அமர்த்திய அரசின் நிலக் குடியேற்றத் திட்டங்களையே நினைவூட்டும். ‘குடியமர்வு’ அந்தச் சுமை இல்லாதது.

‘மீள்குடியேற்றம்’ என்ற சொல்லை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2009-இல் முடிந்த இலங்கைப் போருக்குப் பின், வடக்கிலுள்ள வன்னி மக்கள் தம் சொந்தக் காணிக்குத் திரும்பியதைக் குறிக்க அதைவிடச் சரியான சொல் இல்லை. ஆனால் 2012 செப்டம்பரில், போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறிய முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவு மக்கள் தம் ஊரில் அல்ல, சீனியாமோட்டையில் இறக்கிவிடப்பட்டார்கள். அவர்களுடைய காணிகளில் இராணுவம் இருந்தது. அதையும் மீள்குடியேற்றம் என்றே அரசு கணக்கில் எழுதியது. அந்த மக்கள் 2017-இலும் தம் காணியைக் கேட்டுத் தெருவோரம் கொட்டகை போட்டு அமர்ந்திருந்தார்கள்.