‘கம் ஹியர்’ என்பது மரியாதைக் குறைவா?

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இங்கிலீஷ் பேசப் பழகுகிற பசங்களுக்கு ஒரு பயம் உண்டு. மேனேஜரிடம் பேப்பரை நீட்டி ‘சைன் திஸ்’ என்றால் கோபித்துக்கொள்வாரா, முன்னால் ஒரு ‘ப்ளீஸ்’ போட்டால் போதுமா? நியாயமான பயம்தான். ‘வா’வுக்கும் ‘வாங்க’வுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்தே வளர்ந்தவர்கள் நாம், அதனால் இங்கிலீஷில் அந்த ‘ங்க’ எங்கே என்று தேடத்தான் செய்வோம். வினைச்சொல்லில் தேடினால் கிடைக்காது. ஏன் என்று தெரிய, ஆங்கில ஏவல் வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘கம்’, ‘கோ’, ‘ஓப்பன் த டோர்’. வினை மட்டும் மொட்டையாக நிற்கிறது, காலமும் இல்லை, விகுதியும் இல்லை. எழுவாய் வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே ‘யூ’ ஒளிந்திருக்கிறது. ‘வாஷ் யுவர்செல்ஃப்’ என்று சொல்லலாம், ‘வாஷ் ஹிம்செல்ஃப்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘யுவர்செல்ஃப்’ வர வேண்டுமானால் ‘யூ’ எங்கேயோ இருந்தே ஆக வேண்டும் அல்லவா? சரி, அப்படியானால் இது ‘யூ கம்’ என்ற நிகழ்கால வாக்கியத்தில் ‘யூ’வை வெட்டியதுதானே என்று தோன்றும். அதுவும் இல்லை. நிகழ்காலமாக இருந்தால் ‘பி கேர்ஃபுல்’ என்பதற்குப் பதில் ‘ஆர் கேர்ஃபுல்’ என்று வந்திருக்கும். ‘எவ்ரிபடி சிட்ஸ் டவுன்’ என்றால் எல்லாரும் உட்காருகிறார்கள் என்ற தகவல், ‘எவ்ரிபடி சிட் டவுன்’ என்றால் எல்லாரும் உட்காருங்கள் என்ற ஏவல். நடுவில் இருப்பது ஒரே ஒரு ‘ஸ்’. எதிர்மறைக்கும் தனி வழி இருக்கிறது. ‘ஹி இஸ் நாட் லேட்’ என்று ‘டூ’ துணையே இல்லாமல் வருகிற அந்த ‘பி’ குடும்பத்து வினை, ஏவலுக்கு வந்ததும் ‘டோன்ட் பி லேட்’ என்று ‘டூ’வைக் கூப்பிட்டுக்கொள்கிறது.

மொட்டை வினை நமக்குப் புதிதும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வினைப் பகுதிகளை நட, வா, மடி என்று, சொல்லின் கடைசி எழுத்தை வைத்து 23 வகையாக அடுக்கியபோது, அவற்றை ‘செய்’ என்னும் ஏவல் வினைகளாகவே சொன்னார். வேர்ச்சொல்லும் ஏவல் ஒருமையும் தமிழிலும் ஒன்றுதான். ஆனால் நாம் அந்த வேரின்மேல் மரியாதையை ஒட்டுகிறோம்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்னவென்றால், இங்கிலீஷிலும் ஒரு காலத்தில் இது இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ஒருவரைக் கூப்பிட ‘கும்’, பலரைக் கூப்பிட ‘குமத்’ என்று வேறு விகுதி. பிறகு 14-ஆம் நூற்றாண்டில், சாசர் என்ற கவிஞர் வாழ்ந்த காலத்தில், அந்தப் பன்மை வடிவத்தையே பெரிய மனிதர் ஒருவரிடம் பேசும்போதும் பயன்படுத்தினார்கள், அதாவது பன்மையை மரியாதைக்குப் பயன்படுத்துகிற நம் ‘வாருங்கள்’ செய்கிற அதே வேலை. அப்புறம் விகுதிகள் தேய்ந்து தேய்ந்து உதிர்ந்துபோய், இன்றைக்கு ராஜாவுக்கும் ‘கம்’தான், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ‘கம்’தான். வினைச்சொல்லில் மரியாதை ஒட்டிக்கொள்ள இடமே இல்லாததால், முழு வாக்கியமும் உருவம் மாறுகிறது. ‘குட் யூ சைன் திஸ், சார்?’ என்று கேள்வியாகிவிடுகிறது. ‘உங்களால் முடியுமா’ என்ற கேள்விதான் அது, ஆனால் ‘யெஸ், ஐ குட்’ என்று பதில் சொல்லிவிட்டு யாரும் சும்மா இருப்பதில்லை, பேனாவை எடுக்கிறார்கள். கேள்வி எப்படி வேண்டுகோளாக வேலை செய்கிறது என்பதை ஜான் சேர்ல் என்ற தத்துவ அறிஞர் 1975-இல் விரிவாக எழுதினார்.

எப்போது மொட்டையாகச் சொல்லலாம், எப்போது கூடாது? பெனலப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் மரியாதை பற்றி வெளியிட்ட பெரிய ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட முக்கிய மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்டால், அப்புறம் நம்ம தமிழ், அதுவும் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத்துத் தமிழ். அவர்கள் சொன்னது, பேசுகிற இருவருக்குள் எவ்வளவு நெருக்கம், யார் கை ஓங்கியிருக்கிறது, கேட்கிற காரியம் எவ்வளவு பெரிய சுமை, இந்த மூன்றும் சேர்ந்துதான் எவ்வளவு சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கிறது. மேனேஜர் தூரத்தில் இருப்பவர், மேலே இருப்பவர், அதனால்தான் ‘குட் யூ’. ஜெஃப்ரி லீச் 1983-இல் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார்: காரியத்தால் லாபம் யாருக்கு? ‘பீல் தீஸ் பொட்டேட்டோஸ்’ என்று வேலை வாங்கினால் கேட்பவருக்கு உறுத்தும், ‘ஹேவ் அனதர் சாண்ட்விச்’ என்றால் அது உபசாரம். இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றேதான். விருந்தாளியிடம் ‘குட் யூ ஹேவ் அனதர் சாண்ட்விச்’ என்று கேட்டால்தான், ஏதோ மிச்சத்தைத் தள்ளிவிடப் பார்க்கிறார்களோ என்று தோன்றும்.

இதை வடசென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பேச்சை முரட்டுப் பேச்சு என்று ஒதுக்குபவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. காசிமேட்டில் மீன் இறங்குகிற நேரத்தில் ‘தூக்கு’, ‘நகரு’, ‘ஐஸ் போடு’ என்று வயது பார்க்காமல் குரல்கள் பறக்கும், யாருக்கும் மனம் புண்படாது, வெயில் ஏறுவதற்குள் மீன் போயாக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அதே ஆள் டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு ‘குந்துபா, டீ சாப்புடு’ என்பார். இரண்டு ஏவல், ‘ங்க’ ஒன்றுகூட இல்லை, ஆனால் லாபம் முழுக்கக் கேட்பவருக்கு, அந்த ‘பா’வோ தூரத்தையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. இதில் எங்கே இருக்கிறது மரியாதைக் குறைவு?

ஏவலின் வடிவத்தை வைத்து அதன் வலுவைக் கண்டுபிடிக்க முடியாது என்பதைக் கப்பல்காரர்கள் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் வருகிற கப்பல்களில் பல நாட்டு மாலுமிகள் இருப்பார்கள், பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. வயர்லெஸ்ஸில் ‘ஸ்டாண்ட் பை’, அதாவது தயாராகக் காத்திரு, என்று கேட்டால் அது உத்தரவா, யோசனையா? குரலை வைத்து ஊகிக்கிற சமாசாரம் இல்லை இது, ஊகம் தப்பினால் கப்பல் மோதும். அதற்காக, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட கடல் தொடர்புச் சொற்றொடர்த் தொகுப்பில், செய்திக்கு முன்னால் சொல்வதற்கு எட்டு அடையாளச் சொற்களைக் கொடுத்திருக்கிறார்கள். ‘இன்ஸ்ட்ரக்ஷன். டூ நாட் கிராஸ் த ஃபேர்வே’ என்றால் கட்டாய உத்தரவு, கப்பல் போகிற அந்தத் தடத்தைக் குறுக்கே கடக்கவே கூடாது. அதற்கு முழு அதிகாரம் உள்ளவர்கள் மட்டும்தான் அப்படிச் சொல்ல முடியும். ‘அட்வைஸ்’ என்று தொடங்கி ‘ஸ்டாண்ட் பை’ என்றால் வெறும் யோசனை, முடிவு கேப்டன் கையில். உதவி கேட்க அதில் காட்டியிருக்கிற உதாரணத்தில் ஏவலே இல்லை: ‘ரிக்வெஸ்ட். ஐ ரிக்வயர் டூ டக்ஸ்’, எனக்கு இரண்டு இழுவைப் படகு வேண்டும், அவ்வளவுதான். இன்ஸ்ட்ரக்ஷன் வந்த பிறகும், அதன்படி நடந்தால் கப்பலுக்கு ஆபத்து என்று கேப்டன் நினைத்தால் கீழ்ப்படியாமல் இருக்கலாம், ஆனால் காரணத்தை உடனே வயர்லெஸ்ஸில் திருப்பிச் சொல்லியாக வேண்டும்.