கேக்கின் மேல் இருப்பதெல்லாம் சாப்பிடக் கூடியதுதானா?

ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். இரண்டு கிலோ வெனிலா கேக், இளஞ்சிவப்பு கிரீம், அதன் மேல் சின்னதும் பெரியதுமாகத் தங்க நிற உருண்டைகள். செய்து கொடுத்தது நான்தான். மறுநாள் காலை குழந்தையின் பாட்டி போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. "ஏம்மா, அந்தத் தங்கக் குண்டை மிட்டாய்னு நெனச்சு பாப்பா வாயில போட்டுக்கிச்சு. விரலை விட்டு எடுத்துப் பாத்தா தெர்மாகோல். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

அலங்காரப் பொருள் கடையில் ஃபாக்ஸ் பால் என்று கேட்டால் இதைப் பாக்கெட்டாகத் தருவார்கள். தெர்மாகோல் உருண்டை, மேலே மினுக்குப் பூச்சு, குத்தி நிறுத்த ஒரு கம்பி. சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்க அந்த அளவே போதும். உள்ளே போய்விட்டால் எக்ஸ்ரேயிலும் தெளிவாகத் தெரியாது. அது சாப்பிடும் பொருள் இல்லை என்பது எனக்குத் தெரியும். வெட்டும் முன் அவர்களே எடுத்துவிடுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவர்களோ, கேக் மேல் இருப்பதெல்லாம் தின்பதற்குத்தான் என்று நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை.

மதுரையில் 11 வருடமாக வீட்டில் கேக் செய்து கொடுக்கிறேன். வகுப்பும் எடுக்கிறேன். அந்த போனுக்குப் பிறகு என் வகுப்பின் முதல் அரை மணி நேரம் மாறிவிட்டது. மாவு, முட்டை எதையும் தொடுவதற்கு முன்னால், எல்லோரும் தாங்கள் வாங்கி வைத்திருக்கும் அலங்காரப் பொருட்களை மேசையில் கொட்ட வேண்டும். ஒவ்வொரு டப்பாவின் அடியையும் திருப்பிப் படிக்க வேண்டும்.

போன மாதம் வந்த ஒரு தங்கை ஏழு கிளிட்டர் டப்பாக்கள் கொண்டுவந்திருந்தாள். விரல் நுனி அளவு டப்பா, உள்ளே ரோஸ் கோல்டு தூள். மூடியைத் திறந்தால் காற்றிலேயே பறக்கிறது. அவற்றில் ஐந்தின் லேபிளில் 'நான்-டாக்சிக்', அதாவது நச்சில்லாதது என்று பெரிதாக இருந்தது. கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில், 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இல்லை. காலாவதித் தேதி இல்லை. பச்சைப் புள்ளி இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணும் இல்லை. ஏழு டப்பாவில் இரண்டு மட்டுமே தேறின. "அக்கா, நான்-டாக்சிக்னா சாப்பிடலாம்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாள். இல்லைம்மா. குழந்தைகள் வரையும் கிரேயான் டப்பாவிலும் அதையேதான் போடுகிறார்கள். அதற்காகக் கிரேயானைக் கேக்கில் துருவிப் போடுவோமா?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், ரோஸ் கோல்டு தூள் கனமாகப் பூசிய பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்டு ஆறு குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. எல்லோரும் 1 முதல் 11 வயதுக்குள் இருந்தவர்கள். அந்தத் தூளில் இருந்தது செம்பு. அடுத்த வருடம் மிசூரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயத்தின் அளவு கூடியிருந்தது. காரணம் தேடிப் போனவர்கள், அந்தக் குழந்தையின் பிறந்தநாள் கேக்கில் தூவிய மஞ்சள் தூளைச் சோதித்தால், அதில் கால் பங்கு ஈயம். அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி இரண்டையும் 2021இல் வெளியிட்டது. வாந்தி வந்தால் நமக்குத் தெரிந்துவிடும். ஈயம் அப்படி இல்லை, சத்தமில்லாமல் உடம்பில் தங்கிக் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

அப்புறம் நிறம். பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி இருக்கிறது என்று 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம் அது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பலர் என்னிடம், "கேக் கலர் எல்லாமே விஷமா?" என்று கேட்டார்கள். இல்லை. உணவில் சேர்க்க அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் உண்டு. டார்ட்ரசின், கார்மோய்சின், பிரில்லியன்ட் ப்ளூ மாதிரிப் பெயர்கள் லேபிளில் இருக்கும். ஆனால் அளவும் உண்டு. பெரும்பாலான உணவுகளில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சம். கருப்பு, அடர் நீலம், ரத்தச் சிவப்பு என்று வெள்ளைக் கிரீமை மாற்ற முயன்றால் ஜெல் பாட்டிலில் பாதி காலியாகிவிடும். சாப்பிட்ட பிள்ளைகளின் பல்லும் நாக்கும் மறுநாள் வரை நீலமாக இருந்தால், கையை மீறிப் போட்டிருக்கிறோம் என்றுதான் பொருள்.

நான் செய்வது இதுதான். கருப்பு வேண்டுமென்றால் கோகோ போட்ட டார்க் சாக்லேட் கிரீமில் ஆரம்பிக்கிறேன். அதிலேயே முக்கால்வாசி இருட்டு வந்துவிடும், கருப்பு ஜெல் சில சொட்டுகள் போதும். பட்டர் கிரீமில் நிறத்தை முதல் நாள் இரவே லேசாகக் கலந்து வைத்தால் விடியும்போது தானாகவே அழுத்தமாகிவிடும். அவசரப்பட்டு உடனே இன்னும் இரண்டு சொட்டு விடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வெளிர் நீலத்துக்குச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைச் சுண்டவைத்துக் கிரீமில் சேர்க்கிறேன். துளி எலுமிச்சை பட்டால் ஊதாவாகிவிடும், கவனம். மஞ்சள் தூளைச் சோடா போட்ட மாவில் கலக்காதீர்கள், வெந்ததும் செம்மண் நிறத்துக்குப் போய்விடும். பீட்ரூட்டும் அடுப்பில் பழுப்பாகும். இரண்டும் கிரீமுக்குத்தான் சரி.

பூ வைப்பது இப்போது பெரிய மோகம். பார்க்க அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் கேக் மேல் அரளியை வைத்த படத்தை எனக்கே ஒருவர் ஆசையாக அனுப்பியிருக்கிறார். அரளியின் இதழ், இலை, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். வாசலில் பூத்த நித்தியகல்யாணியும் வேண்டாம். பூக்கடை ரோஜா சாமிக்கும் தலைக்கும் வைக்க வளர்த்தது. எத்தனை முறை பூச்சிமருந்து அடித்தார்களோ, கழுவினால் எல்லாம் போகாது. மருந்து அடிக்காமல் வீட்டுத் தொட்டியில் வளர்த்த பன்னீர் ரோஜா இதழ் இருந்தால் தாராளமாகத் தூவுங்கள். கடைப் பூதான் வைக்க வேண்டுமென்றால் காம்பை ஸ்ட்ராவுக்குள் விட்டு அடைத்து வையுங்கள். பூ பட்ட இடத்துக் கிரீமை வழித்துவிட்டு வெட்டுங்கள்.

கேக் நடுவில் செருகும் மத்தாப்பு மெழுகுவர்த்தியை நான் கொடுப்பதே இல்லை. அது பட்டாசு. எரிந்து முடிந்ததும் கிரீம் மேல் சாம்பல் நிறத்தில் பொடி படிந்திருக்கும், அதையும் சேர்த்துத்தான் ஊட்டுகிறார்கள். ஒரு பக்கம் அது எரிய, இன்னொரு பக்கம் ஸ்னோ ஸ்ப்ரே அடிப்பது அதைவிட ஆபத்து. அந்த டின்னில் உந்துவிசைக்கு அடைத்திருப்பது பெரும்பாலும் தீப்பற்றும் வாயு. முகத்துக்கு அருகே ஒரு நொடியில் பற்றிக்கொள்ளும்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் ஹாஃப் பர்த்டே கொண்டாடுகிறார்கள். பெரியவர்களுக்குச் சரி, குழந்தையின் நாக்கில் தேன் தடவிய கேக்கை மட்டும் வைக்காதீர்கள். ஒரு வயது முடியும் வரை தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அடுப்புச் சூட்டிலும் சாகாது. பிறந்த குழந்தைக்கு நாக்கில் தேன் தொட்டு வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

கிரீம் பற்றி ஒன்று மட்டும். மே மாத மதுரையில் தாய்மாமன் வரட்டும் என்று கேக்கை ஹாலில் இரண்டு மணி நேரம் வைத்திருப்பார்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. மாமா செருப்பைக் கழற்றும்போது பிரிட்ஜைத் திறந்தால் போதும்.

தெர்மாகோல் உருண்டையை நான் முழுவதுமாக விட்டுவிட்டேன். இப்போது பெரிய உருண்டைகளைச் சாக்லேட்டிலேயே செய்கிறேன். அடுக்குக் கேக்குக்குத் தாங்குகுச்சியையும் பெயர் எழுதிய டாப்பரையும் தவிர்க்க முடியாது. அதனால் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுகிறேன்: 'குச்சி 5, டாப்பர் 1. வெட்டும் முன் டாப்பரை எடுக்கவும், குச்சிகளை எண்ணவும்.'

போன வாரம் இரவு ஒன்பதரைக்கு ஒரு அப்பா கூப்பிட்டார். "மேடம், அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. நாலுதான் இருக்கு." மீதிக் கேக்கை முழுவதும் உதிர்த்துப் பார்க்கச் சொன்னேன். அதில் இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தட்டு நினைவுக்கு வந்து ஓடினார். பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டார். ஐந்தாவது குச்சி அந்தத் துண்டுக்குள் இருந்தது. அந்த வீட்டுப் பையன் தூங்கிவிட்டதால், காலையில் சாப்பிடட்டும் என்று தட்டை மூடி வைத்திருந்தார்களாம்.