'ஆன்டிசெமிட்டிசம்' என்று தட்டினால் போதாது

யூத வெறுப்பின் வரலாற்றை இணையக் காப்பகங்களில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தட்டுவது இந்தச் சொல்லைத்தான். 1879-க்கு முந்தைய செய்தித்தாள்களில் அநேகமாக ஒன்றும் சிக்காது. வில்ஹெல்ம் மார் என்ற ஜெர்மானியர் அந்த ஆண்டில் தன் சங்கத்துக்கு அதைப் பெயராக வைத்த சமயத்தில்தான் சொல்லே பரவியது. வெறுப்போ பல நூற்றாண்டு மூத்தது. ஆகவே அந்தக் காலத்துக்காரர்கள் எழுதிய சொல்லைப் போடுங்கள்: 'யூடென்ஹாஸ்' (யூத வெறுப்பு), 'யூடென்ஃப்ராக' (யூதர் பிரச்சினை).

சொல் சரியாக இருந்தாலும் எழுத்து காலை வாரும். பழைய ஜெர்மன் தாள்கள் ஃப்ராக்டூர் என்ற கோண எழுத்தில் அச்சானவை. அதில் சொல்லின் நடுவே வரும் நீள 'எஸ்', பார்வைக்கு அப்படியே 'எஃப்'. ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினி படிக்கும்போது 'ஆன்டிசெமிட்டிஸ்முஸ்' என்பது 'ஆன்டிஃபெமிட்டிஸ்முஸ்' ஆகிவிடும். சிரிப்பு வரும், ஆனால் அந்தப் பிழையையும் தட்டிப் பார்த்தால்தான் பக்கம் கிடைக்கும். அதோடு 1901 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'யூடென்டூம்' (யூத சமயம்) என்ற சொல்லில் 'டி'க்குப் பின் ஒரு 'எச்' கூடுதலாக வரும். இரண்டு வடிவத்தையும் தேடுங்கள்.

இந்தப் பயிற்சிக்கு ஏற்ற இடம் ஃபிராங்ஃபர்ட் பல்கலைக்கழக நூலகத்தின் 'காம்பாக்ட் மெமரி' என்ற இணையத் தொகுப்பு. ஜெர்மன் யூதர்களே நடத்திய இதழ்கள் அங்கே இலவசம். ஆஸ்திரியத் தாள்களுக்கு 'ஆனோ', பிரெஞ்சுத் தாள்களுக்கு 'கலிக்கா'. பிரெஞ்சு ராணுவத்தின் யூத அதிகாரி டிரேஃபஸ் மீது பொய்யாகச் சாட்டிய தேசத்துரோக வழக்கைப் படிப்பவர் கலிக்காவில் இரு தரப்புத் தாள்களையும் ஒரே நாளுக்குத் திறந்து வைத்துப் படிக்கலாம்.

சாட்சியங்களில் எப்போது பதிவானது என்பதை முதலில் பாருங்கள். லண்டன் வீனர் நூலகத்தில் 1938 நவம்பரில் நாஜி ஜெர்மனியில் யூதர் மீது நடந்த வன்முறையைப் பற்றிய 350-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் உண்டு. சம்பவத்தின் சூடு ஆறுமுன் திரட்டியவை. 1994-ல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளையின் காணொளிகள், நாஜி இனப்படுகொலையில் தப்பியவர்கள் அரை நூற்றாண்டு கழித்துச் சொன்னவை. மதிப்பில் ஒன்று தாழ்ந்ததல்ல, ஆனால் தேதி, எண்ணிக்கை வேண்டுமென்றால் முதலாவதை நாடுவேன். ஆரோல்சன் ஆவணக்காப்பகம் நாஜிகளால் பாதிக்கப்பட்ட ஆட்களின் பெயரைத் தேடத்தான் கைகொடுக்கும். வெறுப்புக் கருத்து எப்படிப் பரவியது என்பதற்கு அங்கே போவது வீண் அலைச்சல்.

யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகச் சொல்லும் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' இன்னமும் வாட்ஸ்அப்பில் 'ரகசிய ஆவணம்' என்று வலம் வருகிறது. 1903-ல் ரஷ்ய நாளேடு ஒன்றில் வெளியான போலி அது. மூன்றாம் நெப்போலியனைச் சாடி மொரீஸ் ஜோலி 1864-ல் எழுதிய நூலிலிருந்து பத்தி பத்தியாக உருவியது என்பதை 1921 ஆகஸ்டில் லண்டன் 'டைம்ஸ்' அம்பலப்படுத்தியது. ஜோலியின் நூலில் யூதர் பேச்சே இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் யாருக்கும் தெரியும்.

ரஷ்யப் பேரரசின் ஆவணம் என்றால் நாட்காட்டியைக் கவனியுங்கள். கிஷினேவ் நகரில் (இன்றைய மால்டோவா) யூதர் மீது நடந்த படுகொலை ரஷ்யக் கணக்கில் 1903 ஏப்ரல் 6, மேற்கத்தியக் கணக்கில் ஏப்ரல் 19. வித்தியாசம் 20-ஆம் நூற்றாண்டில் 13 நாள், 19-ஆம் நூற்றாண்டில் 12. குறிப்பேட்டில் இரு தேதியையும் எழுதாவிட்டால் ஒரே கலவரம் இரண்டு கலவரமாகிவிடும்.