வளவில் விழுந்தால் யார் பொறுப்பு?

செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விண்வெளிச் சட்டத்தைப் புரியவைப்பது எளிது. வீட்டின் நடுப்பகுதியான வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், உரியவை. பூட்டும் சாவியும் அவரவர் கையில். வளவும் முற்றமும் மட்டும் பங்காளிகள் அனைவருக்கும் பொது. அங்கே வற்றல் காயப் போடலாம், கல்யாணம் நடத்தலாம். ‘இது என் பங்கு’ என்று கோடு கிழிக்க முடியாது. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை தொடங்குவதும் இந்த இடத்தில்தான். விண்வெளி எல்லா நாடுகளுக்கும் பொது. நிலாவை எந்த நாடும் தன் பட்டாவில் சேர்க்க முடியாது. அந்த ஆண்டே கையெழுத்திட்ட இந்தியா 1982-இல் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. நிலாவில் மனை விற்பதாகப் பத்திரம் காட்டுகிறவரிடம் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆயுதம் பற்றிப் பேசுவது நான்காவது பிரிவு. அதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரே பிரிவுக்குள் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. நிலாவிலும் கோள்களிலும் அமைதிப் பணிக்கு மட்டுமே இடம்: ராணுவத் தளம், ஆயுதச் சோதனை, போர்ப் பயிற்சி எதுவும் கூடாது. பூமியைச் சுற்றியுள்ள பாதைகளிலோ அணு ஆயுதத்தையும் பேரழிவு ஆயுதங்களையும் நிறுத்திவைப்பதற்கு மட்டும்தான் தடை. மற்ற ஆயுதங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தரையிலிருந்து ஏவுகணை விட்டுச் செயற்கைக்கோளை உடைப்பது பற்றியும் இல்லை. வளவில் வெடிமருந்து மூட்டை வைக்காதே என்று எழுதிவிட்டு, அரிவாளைப் பற்றி எழுதாமல் விட்ட பாகப்பத்திரம் இது.

வெடிமருந்துக்கு மட்டும் அவ்வளவு அச்சம் ஏன் என்றால், அதன் விளைவைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். 1962 ஜூலை 9 அன்று பசிபிக் கடலுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்தது. ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. அப்போது சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள் சில பழுதாயின. அடுத்த ஆண்டே விண்வெளியில் அணுச் சோதனையைத் தடை செய்யும் ஒப்பந்தம் வந்தது.

அரிவாள் பக்கம் இன்றும் திறந்தே கிடக்கிறது. 2007-இல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தது. கண்காணிக்கத்தக்க அளவில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. மறு ஆண்டு அமெரிக்கா, 2019 மார்ச் 27 அன்று ‘மிஷன் சக்தி’ என்ற பெயரில் இந்தியா, 2021-இல் ரஷ்யா. ரஷ்யச் சோதனையின்போது பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் விண்கலங்களுக்குள் போய்ப் பதுங்க வேண்டியிருந்தது. இந்தியா தாக்கியது சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே சிதறும் துண்டுகள் பெரும்பாலும் விரைவில் காற்றில் எரிந்துவிடும். இது நல்ல யோசனைதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை செய்தது என்பதற்காக அதைக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. இத்தகைய சோதனைகளைக் கைவிடும்படி 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டபோது 155 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அப்பத்தா கேட்டது ஒரே கேள்வி: “அந்தத் துண்டு நம் வளவில் விழுந்தால் யாரப்பா பணம் கொடுப்பார்கள்?”

கேட்க வேண்டிய கேள்விதான். 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தருகே பெரிய உலோக வளையம் வானிலிருந்து விழுந்தது. இதற்கென 1972-ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 1979-இல் அதில் சேர்ந்தது. ஒரு நாடு ஏவிய பொருள் தரையில் சேதம் விளைவித்தால், தவறு யாருடையது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும். ஆனால் வளவுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் உடைந்துபோனது என்று நீங்கள் நேரே அந்த நாட்டுக்கு இந்த உடன்படிக்கையின்படி மனு எழுத முடியாது. உங்கள் சார்பில் இந்திய அரசுதான் தூதரக வழியில் கேட்க வேண்டும். அதற்குக் காலக்கெடு ஓராண்டு.

கேட்ட தொகை முழுதும் கிடைக்கும் என்றும் நம்ப வேண்டாம். 1978-இல் அணு உலையுடன் சென்ற சோவியத் செயற்கைக்கோள் ஒன்று கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்தது. கனடா கேட்டது சுமார் 60 லட்சம் கனடிய டாலர். 1981-இல் கைக்கு வந்தது 30 லட்சம்.

விழுந்த துண்டைப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துச் செல்வது கூடாது. கீழே விழுந்தாலும் அது அதன் உரிமையாளருடையது. கேட்டால் நம் நாடு திருப்பித் தர வேண்டும். நச்சு எரிபொருள் ஒட்டியிருக்கலாம் என்பதால் கையால் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ எழுதிக் கொடுங்கள். தேதியும் நேரமும் அதில் இருக்கட்டும்.

விழுந்தது இந்திய ராக்கெட்டின் துண்டாக இருந்தால் இந்த உடன்படிக்கை இந்தியக் குடிமகனுக்கு உதவாது. ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களை அது விலக்கிவைக்கிறது. அப்போது நம் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவர 2017-இல் வெளியான வரைவு, வரைவாகவே நிற்கிறது.