தகரத் துருவும் தேயிலைச் சாயமும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த ஓவியர் ஒருவர் இருக்கிறார். லயத்து இஸ்தோப்புதான், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுத் திண்ணைதான், அவருடைய வேலையிடம். பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். அன்று அவர் தடித்த காகிதத்தில் தேயிலைச் சாயத்தால் ஒரு மலைச்சரிவை வரைந்து காய வைத்திருந்தார். எல்லாமே வெளிறிய பழுப்பு. பிறகு இன்னொரு தூரிகையை லேசான பச்சை படிந்த ஒரு தண்ணீரில் தொட்டு, சரிவின் அடிப்பக்கமாக இழுத்தார். தூரிகை போன வழியெல்லாம் பழுப்பு சாம்பலாக மாறியது. "இன்னும் இருக்கு தம்பி, காலையில வந்து பாருங்க" என்றார். காலையில் போய்ப் பார்த்தேன். அந்த இடம் நீலம் ஓடிய கறுப்பாகியிருந்தது.

அவர் கடையில் கறுப்பு மை வாங்குவதில்லை. இரண்டு போத்தல்கள்தான் மூலதனம். ஒன்றில் தேத்தண்ணி வடித்த சக்கையை மறுபடி கொதிக்க வைத்து, சுண்டக் காய்ச்சிய சாறு. பூஞ்சணம் பிடிக்காமலிருக்க நாலைந்து கராம்பு போட்டிருப்பார். மற்றதில் வினாகிரியில் இரண்டு வாரம் ஊறிய பழைய ஆணிகளும் கூரைத் தகரத் துண்டுகளும். லயத்துக்குப் புதுத் தகரம் போடும்போது கழற்றி எறிவதைத்தான் பொறுக்கி வருகிறார். தகரத்தின் மேல் துத்தநாகப் பூச்சு இருந்தால் வினாகிரி முதலில் அதைத்தான் கரைக்கும், இரும்பு பின்தங்கிவிடும். அதனால் பூச்சு முழுதும் போய், துருவேறிய துண்டாகப் பார்த்து எடுப்பார். இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. துரு வினாகிரியில் அவ்வளவாகக் கரையாது. துருவுக்கு அடியில் மிச்சமிருக்கும் இரும்புதான் கரைகிறது. கரையும்போது ஹைட்ரஜன் வாயு குமிழியாக வெளியேறும். மூடியை இறுக்கினால் போத்தல் வெடிக்கலாம். ஆகவே துணியால் மட்டும் கட்டி வைக்கிறார்.

சரி, பழுப்பும் வெளிர்பச்சையும் சேர்ந்தால் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

தேயிலைக் கொழுந்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ கால்பங்கு, சிலவேளை அதற்கும் மேலே, பாலிபீனால் எனப்படும் துவர்ப்புப் பொருட்கள். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை அரைக்கும்போது இலையின் செல்கள் உடைகின்றன. உள்ளிருக்கும் நொதியும் வெளிக்காற்றும் சேர்ந்து இந்தப் பாலிபீனால்களை தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற சிவப்பு, பழுப்பு நிறப் பொருட்களாக மாற்றுகின்றன. தேத்தண்ணியின் நிறம் அவற்றால்தான். அந்த மூலக்கூறுகளின் ஓரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மும்மூன்றாக அடுத்தடுத்து நிற்கும். நண்டின் கொடுக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைந்த இரும்பு அணு பக்கத்தில் வந்தால் அந்தக் கொடுக்குகள் அதைக் கவ்விக்கொள்ளும்.

வினாகிரியில் கரைந்த இரும்பு, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் கவ்வினால் பெரிதாக நிறம் வராது. காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றாவது எலக்ட்ரானையும் பறித்த பிறகுதான் கதை மாறுகிறது. இப்போது தேயிலை மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரான் இரும்பின் பக்கம் தாவ முடியும். தாவுவதற்கு வேண்டிய ஆற்றல், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே இருக்கிறது. விழுகிற ஒளியில் பெரும்பகுதியை அந்தத் தாவலே விழுங்கிவிடுவதால் நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. காற்று மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும். அண்ணன் காலையில் வரச் சொன்னது அதனால்தான். இப்படி உண்டாகும் கறுப்பு தண்ணீரில் கரைவதும் இல்லை.

இதே கவ்வல் வயிற்றிலும் நடக்கிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பாலிபீனால்கள் பிடித்துக்கொள்ளும். உடம்பு அதை உறிஞ்சுவது குறைந்துவிடும். இரத்தச்சோகை உள்ள தாய்மாரிடம், சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள் என்று சொல்வதன் காரணம் இது. நாளெல்லாம் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு இதை யாராவது பொறுமையாக விளக்க வேண்டும் என்பது என் ஆசை.

முறை புதிதல்ல. கலம்காரித் துணியின் கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு புளிக்க வைப்பார்கள், துவர்ப்புக்குக் கடுக்காய். ஐரோப்பாவில் ஓக் மரத்துக் காய்ப்புடைப்பும் (பூச்சி முட்டையிட்ட இடத்தில் வீங்கும் துவர்ப்பான முண்டு) இரும்பு உப்பும் சேர்த்துப் பல நூற்றாண்டுகள் மை செய்தார்கள். கடுக்காயின் இடத்தில் அண்ணன் சக்கையை வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அவர் இதை ரசவாதம் என்கிறார். எனக்கும் அந்தச் சொல் பிடித்திருக்கிறது. இரும்பைப் பொன்னாக்க எந்த அடுப்பாலும் முடியாது. அணுவின் கருவை நெருப்போ அமிலமோ தொடாது. ஆனால் ஓர் அணு எதோடு சேர்ந்திருக்கிறது என்பதை மாற்றலாம், அதோடு நிறமும் மாறும். வெள்ளியாக மின்னும் பாதரசமும் மஞ்சள் கந்தகமும் சேர்ந்தால் செக்கச்சிவந்த சாதிலிங்கம். கண்டிக்காலத்து விகாரைச் சுவர்களின் சிவப்புக்கு அதைத்தான் பயன்படுத்தினார்கள். பாதரசம் நஞ்சு, அதனால் அண்ணன் அந்தப் பக்கமே போவதில்லை. பெர்லினில் 1706 வாக்கில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் சிவப்பு நிறம் செய்ய உட்கார்ந்தார். டிப்பெல் என்ற ரசவாதியிடம் வாங்கிய பொட்டாஷ் என்ற கார உப்பில் விலங்கு இரத்தத்தின் மிச்சம் கலந்திருந்தது. சிவப்புக்குப் பதில் ஆழ்ந்த நீலம் வந்தது. பிரஷ்ய நீலம் பிறந்த கதை அது. அதிலும் நிறத்தைத் தருவது இரும்புதான்.

அண்ணனுடைய சிவப்பு வேறு வழியில் வருகிறது. பாதை வெட்டிய இடத்து மஞ்சள் மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே மிதக்கும் கலங்கலை வடித்தெடுக்கிறார். படிந்த பொடியைக் காய வைத்து, தகர மூடியொன்றில் போட்டு விறகடுப்பில் வறுக்கிறார். மஞ்சள் மண்ணிலுள்ள இரும்புச்சேர்மத்துக்குள் நீர் பிணைந்திருக்கிறது. முந்நூறு பாகை சூட்டுக்குள் அந்த நீர் வெளியேறிவிட, பொடி செங்கல் சிவப்பாகிறது. மண்ணடுப்பின் வாய் சிவந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அங்கும் நடந்தது இதுதான். விளாம்பிசின் சேர்த்துக் குழைத்தால் சாயம் தயார். மூடி மட்டும் துத்தநாகம் பூசாததாக இருக்க வேண்டும், அது எரிந்து வரும் புகை ஆகாது.

இரும்பு மையில் ஒரு தொல்லை உண்டு. மிஞ்சிய இரும்பும் அமிலமும் வருடக்கணக்கில் காகிதத்தை அரிக்கும். பாக் என்ற இசை மேதையின் கையெழுத்துப் பிரதிகளே அப்படி அரிபட்டன. இரும்பு சல்பேட் மையில் கந்தக அமிலம் காகிதத்திலேயே தங்கிவிடும். வினாகிரியின் அமிலமோ பெரும்பாலும் ஆவியாகிப் போகும், அந்த வகையில் அண்ணனின் முறை கொஞ்சம் மேல். ஆனாலும் எங்கள் ஊர் ஈரத்தை நம்ப முடியாது. இரும்புத் தண்ணீரை அவர் குறைவாகவே தொடுகிறார். முட்டை ஓட்டை நைசாக அரைத்து நீரில் கலக்கிக் காகிதத்தின் பின்பக்கம் பூசுகிறார், அதிலுள்ள கால்சியம் கார்பனேட் அமிலத்தை முறிக்கும்.

பூசியதும் பூசாததுமாக இரண்டு துண்டுகளை இஸ்தோப்புச் சுவரில் ஒட்டி, திகதி எழுதி வைத்திருக்கிறார். மழை முடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.